வண்டி விலை ஒன்று, வட்டிக் கணக்கு வேறு

புது மோட்டார் சைக்கிளுக்கு மூன்று விலை உண்டு. கம்பெனி வைத்த விலையோடு ஜி.எஸ்.டி. சேர்ந்தது ஷோரூம் விலை. அதன்மேல் சாலை வரி, இன்ஷூரன்ஸ், பதிவுக் கட்டணம் எல்லாம் ஏறி, வண்டி தெருவில் இறங்கும்போது ஆகியிருக்கும் செலவு ஆன்ரோடு விலை. கடனில் எடுப்பவருக்கு இன்னொரு விலையும் இருக்கிறது: முன்பணத்தையும் கடைசி ட்யூ வரை கட்டியதையும் கூட்டினால் வரும் தொகை. நெல்லையில் வண்ணார்பேட்டையிலோ பாளையங்கோட்டையிலோ ஷோரூமுக்குள் நுழைகிற குடும்பம் முதல் விலையைக் கேட்கிறது, இரண்டாவது விலையில் ஆயிரம் ஐந்நூறு குறைக்கச் சொல்லி மல்லுக்கட்டுகிறது. மூன்றாவது விலை பேச்சிலேயே வருவதில்லை. அதிகப் பணம் போவது அங்கேதான்.

பாபநாசத்தில் மலையை விட்டு இறங்கும் தாமிரபரணி ஏரலைத் தாண்டிக் கடலுக்குப் போகும்வரை, இரு கரையிலும் இன்று வண்டி இல்லாமல் பிழைப்பு நடப்பது கஷ்டம். வயலுக்கு உரமூட்டை, வீடு வீடாக ஊற்றப் பால் கேன், கம்பெனிக் கடைக்குக் கொண்டுபோகும் பீடித் தட்டு, டவுனில் வேலைக்குப் போகும் பிள்ளை என்று எல்லாம் இரண்டு சக்கரத்தில்தான் போகின்றன. இவர்களில் மொத்தப் பணத்தையும் ரொக்கமாக எண்ணி வைக்கக்கூடியவர்கள் குறைவு. ஆகவே வண்டி எடுப்பது என்றாலே கடன் எடுப்பது என்றாகிவிட்டது.

தவணையில் வண்டி எடுக்கும் வழக்கத்துக்கும் நெல்லைச் சீமைக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. திருக்குறுங்குடியில் 1877-இல் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார் மதுரைக்குப் போய்ப் பஸ் தொழிலில் இறங்கினார். அவருடைய மகன் டி.எஸ். சந்தானம் 1954-இல் சென்னையில் சுந்தரம் பைனான்ஸைத் தொடங்கினார். லாரியும் பஸ்ஸும் வாங்க நினைத்தவர்களுக்குத் தவணை முறையைப் பழக்கிய நிறுவனங்களில் அது முக்கியமானது. அதே குடும்பம் 1980-இல் டி.வி.எஸ். 50 மொபெட்டை இறக்கியபோது, சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தவர்களும் இன்ஜின் வண்டி ஓட்டலாம் என்ற நிலை வந்தது. அந்தக் கால வாடகைக் கொள்முதல் முறையில் கடைசித் தவணை கட்டும்வரை வண்டி பைனான்ஸ்காரருடையது. இப்போது பெரும்பாலும் நடப்பது அடமான முறை. வண்டி முதல் நாளிலிருந்தே வாங்கியவர் பெயரில் இருக்கும். கடன் கொடுத்தவருக்கு அதன்மேல் உரிமை உண்டு என்று ஆர்.சி.யில் ஏற்றப்படும். ஊரில் அதைத்தான் ‘எச்.பி. போட்டிருக்கு’ என்கிறார்கள்.

முதலில் கொட்டேஷன் தாளைப் பார்க்கலாம். ஷோரூம் விலை 80,000 ரூபாய் உள்ள ஒரு 110 சி.சி. வண்டி என்று வைத்துக்கொள்வோம். ஜி.எஸ்.டி. இதற்குள்ளேயே அடங்கியது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையுள்ள வண்டிகளுக்கு இந்த வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது, அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 ஆனது. புல்லட் 350-இன் இன்ஜின் 349 சி.சி. என்பதால் அது குறைந்த வரிப் பக்கம் நிற்கிறது.

அடுத்தது சாலை வரி. வண்டியின் ஆயுள் முழுவதற்கும் ஒரே தடவையாக வாங்கிவிடுவார்கள். தமிழ்நாட்டில் இது முன்பு 8 சதவீதமாக இருந்தது. 2023 நவம்பரிலிருந்து ஒரு லட்சம் ரூபாய் வரையுள்ள வண்டிக்கு 10 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம். நமது வண்டிக்கு 8,000 ரூபாய். லட்சத்தை ஒட்டிய விலையில் வண்டி பார்ப்பவர் இங்கே நின்று கணக்குப் போட வேண்டும். 99,000 ரூபாய் வண்டிக்கு வரி 9,900. 1,01,000 ரூபாய் வண்டிக்கு 12,120. டிரம் பிரேக்குக்குப் பதில் டிஸ்க் பிரேக், சாதா மீட்டருக்குப் பதில் டிஜிட்டல் மீட்டர் என்று இரண்டாயிரம் கூடுதலாகச் சொல்லும்போது, வரியிலும் இரண்டாயிரத்துக்கு மேல் கூடுகிறது என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. டிஸ்க் பிரேக் நல்லதுதான், வாங்கத் தகுந்ததுதான். அதன் உண்மையான விலை என்ன என்று தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவே.

மூன்றாவது இன்ஷூரன்ஸ். கோவையைச் சேர்ந்த எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காகத் தொடுத்த பொதுநல வழக்கில், 2018 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. அதன்படி அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் புது இருசக்கர வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை ஐந்து ஆண்டுக்கும் சேர்த்தே எடுக்க வேண்டும். 2022 ஜூனில் நிர்ணயித்த கட்டணப்படி, 75 முதல் 150 சி.சி. வரை ஐந்தாண்டுக்கு 3,851 ரூபாய், 150 முதல் 350 சி.சி. வரை 7,365 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. இந்தத் தொகை எங்கே எடுத்தாலும் ஒன்றுதான். வண்டிக்கே ஏற்படும் சேதத்துக்கான ஓராண்டுக் காப்பீடு அப்படியல்ல. அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஓட்டுபவருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு ஏற்கெனவே இருந்தால், அதை மறுபடி எடுக்க வேண்டியதும் இல்லை. எல்லாம் சேர்த்து நமது வண்டிக்குச் சுமார் ஆறரை ஆயிரம் வரலாம். தங்களிடம்தான் இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டும் என்று ஷோரூம் கட்டாயப்படுத்த முடியாது. வெளியே ஒரு விலை கேட்டு அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால், ஷோரூமே இறங்கி வருவது உண்டு.

பதிவுக் கட்டணம் 300 ரூபாய், கடன் இருந்தால் எச்.பி. ஏற்ற 500, ஸ்மார்ட் கார்டுக்கு 200. ஆக அரசுக்குப் போக வேண்டியதையும் காப்பீட்டையும் சேர்த்தால் 80,000 ரூபாய் வண்டி ஏறக்குறைய 95,500-க்குத் தெருவில் இறங்க வேண்டும். கொட்டேஷனில் 1,02,000 என்று இருந்தால், நடுவில் நிற்கும் ஆறரை ஆயிரம்தான் பேரத்துக்கு உரிய இடம்.

அந்த ஆறரை ஆயிரத்தில் என்னென்ன இருக்கும்? ‘ஹேண்ட்லிங்’, ‘ஆர்.டி.ஓ. செலவு’, சீட் கவர், கிராஷ் கார்டு, டெப்லான் கோட்டிங், கூடுதல் வாரண்டி. ஆலையிலிருந்து வண்டி வந்து சேர்ந்த செலவு ஷோரூம் விலைக்குள்ளேயே இருக்கிறது. ஹேண்ட்லிங் என்று தனியாகக் கொடுப்பதற்குக் காரணம் கேட்கலாம், எடுத்துவிடச் சொல்லலாம். பின்னால் உட்காருபவரின் சேலை சக்கரத்தில் சிக்காமல் தடுக்கும் காப்புக்கும் கைப்பிடிக்கும் தனிக் காசு வாங்குவது சரியில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-ஆம் விதிப்படி அவை வண்டியோடு இருக்க வேண்டியவை. 138-ஆம் விதி, வண்டி விற்கும்போதே தரச்சான்று பெற்ற ஹெல்மெட் கொடுக்கச் சொல்கிறது. இவற்றை இனாமாகத் தருகிறோம் என்று சொல்லி வேறு தள்ளுபடியை மறுத்தால் ஏற்க வேண்டியதில்லை. ஷோரூம் விலையிலேயே பெரிய தள்ளுபடி கேட்டுப் பிடிவாதம் பிடிப்பதைவிட, வேண்டாத சாமான்களை ஒவ்வொன்றாகச் சொல்லி அடிக்கச் சொல்வது பலன் தரும். விற்பனைப் பிரதிநிதிக்கும் அதைச் செய்யத்தான் அதிகாரம் இருக்கும்.

பேரத்துக்குக் காலமும் உண்டு. தமிழ்க் குடும்பங்களில் ஆடியிலும் மார்கழியிலும் புது வண்டி எடுக்கத் தயங்குகிறவர்கள் அதிகம். ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் ஷோரூமில் நிற்க இடம் இருக்காது. கூட்டம் உள்ள நாளில் பேரம் எடுபடாது. ஆடியில் விற்பனை மந்தமாகும்போது கம்பெனியே சலுகை அறிவிக்கும். மார்கழி பிறக்கும் டிசம்பரில் இன்னொரு காரணமும் சேர்கிறது. வருடம் புரண்டால் கையிருப்பு வண்டியெல்லாம் ‘போன வருஷத்து வண்டி’ ஆகிவிடும் என்பதால் தள்ளிவிடப் பார்ப்பார்கள். நாள் பார்ப்பவர்களும் ஆடியிலேயே விலை பேசி முன்பணம் கட்டி, ஆவணி முதல் முகூர்த்தத்தில் வண்டியை எடுத்து நெல்லையப்பர் கோயில் வாசலில் பூஜை போடலாம். அப்படிப் பேசும்போது சலுகை விலையைத் தேதியோடு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். எந்த மாதம் தயாரான வண்டி என்பது விற்பனைச் சான்றான 21-ஆம் படிவத்தில் இருக்கும். ஜனவரியில் எடுக்கும் வண்டி முந்தைய ஆண்டின் தயாரிப்பாக இருந்தால், பின்னால் விற்கும்போது விலை குறையும். அந்தக் குறைவை இப்போதே கேட்டு வாங்குவது நியாயம்.

நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மூன்றிலும் ஒரே கம்பெனி வண்டிக்கு வெவ்வேறு ஷோரூம்கள் இருக்கின்றன. மாநிலம் ஒன்று என்பதால் சாலை வரி மாறாது. மூன்று கொட்டேஷனை அருகருகே வைத்தால் எந்த இனத்தில் யார் கூடுதலாகப் போட்டிருக்கிறார்கள் என்பது பளிச்சென்று தெரியும். ஆலங்குளத்துக்காரருக்கு ஒருநாள் பஸ் செலவு இதில் வீணாகாது.

பழைய வண்டியை மாற்றிக் கொடுப்பவர், புது வண்டியின் விலையை முடித்த பிறகே பழையதைப் பற்றிப் பேச்செடுப்பது நல்லது. இரண்டையும் ஒன்றாகப் பேசினால், ஒன்றில் கொடுத்ததை மற்றதில் எடுத்துக்கொள்வார்கள். ஆர்.சி.யில் பெயர் மாறும்வரை அந்த வண்டி செய்யும் விபத்துக்குப் பழைய உரிமையாளரும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பெயர் மாற்றப் படிவங்களில் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்படியே மறந்துவிடக் கூடாது.

இனி கடன். ஷோரூமின் ஒரு மூலையில் இரண்டு மூன்று பைனான்ஸ் கம்பெனிகளின் ஆட்கள் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் மூலம் கடன் போனால் ஷோரூமுக்கும் பங்கு கிடைப்பது வழக்கம். ஆதார், மின்கட்டண ரசீது, வங்கிப் பாஸ்புக் இருந்தால் சில மணி நேரத்தில் கடன் ஓகே ஆகிவிடும். சம்பளச் சீட்டு இல்லாத பீடித் தொழிலாளிக்கும் கொத்தனாருக்கும் இது பெரிய வசதி. வங்கி கேட்கும் காகிதங்கள் அவர்களிடம் இருக்காது. வசதிக்கு விலை வட்டியில் இருக்கிறது.

‘வட்டி வருஷத்துக்குப் பத்து பர்சென்ட்தான்’ என்று சொல்வார்கள். ஊர்க் கணக்கில் மாதத்துக்கு நூற்றுக்கு 83 பைசா. ஒரு ரூபாய் வட்டிக்கும் குறைவு என்று கேட்பவர் மகிழ்ந்துபோவார். இந்தப் பத்து எப்படிக் கணக்கிடப்பட்ட பத்து என்பதே கேள்வி. 80,000 ரூபாய் கடன், மூன்று வருடம். பத்து சதவீதம் ‘பிளாட்’ என்றால் வருடத்துக்கு 8,000, மூன்று வருடத்துக்கு 24,000. மொத்தம் 1,04,000 ரூபாயை 36-ஆல் வகுத்தால் மாத ட்யூ 2,889. இதில் அசல் 2,222, வட்டி 667. முதல் மாதம் 80,000 ரூபாய் பாக்கி இருக்கும்போது 667 ரூபாய் வட்டி, சரி. கடைசி மாதத்தைப் பாருங்கள். பாக்கி அசல் வெறும் 2,222 ரூபாய்தான். அதற்கும் அதே 667 ரூபாய் வட்டி. நூற்றுக்கு முப்பது ரூபாய் வட்டி!

அசல் குறையக் குறைய வட்டியும் குறையும் முறையில் இதே ட்யூவைத் திருப்பிக் கணக்கிட்டால், வருடத்துக்கு ஏறக்குறைய 17.9 சதவீதம் வருகிறது. அதாவது ஊர்ப் பேச்சில் ஒன்றரை வட்டி. 83 பைசா என்று சொல்லிக் கொடுத்தது ஒன்றரை ரூபாய் வட்டிக் கடன். உண்மையாகவே ஒரு ரூபாய் வட்டிக்கு, அதாவது குறையும் அசல்மேல் 12 சதவீதத்துக்குக் கிடைத்தால், ட்யூ 2,657 ரூபாய், மொத்த வட்டி 15,657 ரூபாய். வித்தியாசம் எட்டாயிரத்துக்கு மேல். சீட் கவருக்கும் கிராஷ் கார்டுக்கும் அரைநாள் போராடி மிச்சம் பிடித்ததைப்போலப் பல மடங்கு.

ட்யூவைக் குறைக்கச் சொன்னால் வட்டியைக் குறைக்க மாட்டார்கள், மாதத்தைக் கூட்டுவார்கள். குறையும் அசல்மேல் 18 சதவீத வட்டிக்கு 80,000 ரூபாயை இரண்டு வருடத்தில் அடைத்தால் ட்யூ 3,994, வட்டி 15,854. நான்கு வருடம் என்றால் ட்யூ 2,350 ஆகக் குறையும், வட்டி 32,800 ஆக ஏறும். ‘மாசம் எவ்வளவு கட்ட முடியும்?’ என்று கேட்பவருக்குப் பதில் சொல்வதற்கு முன், ‘மொத்தம் எவ்வளவு கட்டணும்?’ என்று திருப்பிக் கேட்டுவிட வேண்டும்.

இந்தக் கணக்கைக் கடன் வாங்குபவரே போட வேண்டியதில்லை என்பதற்காக ரிசர்வ் வங்கி ஒரு வழி செய்திருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் வங்கியோ பைனான்ஸ் கம்பெனியோ, தனிநபர்களுக்குக் கொடுக்கும் தவணைக் கடனுக்கு ‘முக்கிய விவர அறிக்கை’ ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். வட்டி, பிராசஸிங் கட்டணம், கடனோடு ஒட்டிவிடும் காப்பீடு எல்லாவற்றையும் சேர்த்து ஆண்டுக்கு மொத்தம் எத்தனை சதவீதம் ஆகிறது என்று அதில் ஒரே எண்ணாகப் போட்டிருப்பார்கள். இரண்டு கம்பெனிகளை ஒப்பிட அந்த ஒரு எண் போதும். அறிக்கையில் சொல்லாத கட்டணத்தைப் பின்னால் சம்மதமில்லாமல் வசூலிக்க முடியாது. கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும் என்பதும் விதி, ஆகவே தமிழில் கேட்கலாம். அதில் சொன்ன நிபந்தனைகள் குறைந்தது மூன்று வேலை நாள்களுக்குச் செல்லும். ‘இன்னைக்கே கையெழுத்துப் போட்டாத்தான் இந்த வட்டி’ என்ற அவசரத்துக்கு இடமே இல்லை. தாளை வீட்டுக்கு எடுத்துப்போய், கணக்குத் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு வரலாம்.

முதல் இரண்டு ட்யூவை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, முழுத் தொகைக்கும் வட்டி போடும் பழக்கம் ஒன்று இருந்தது. கையில் கொடுக்காத பணத்துக்கு வட்டி! 2024 ஏப்ரல் 29 சுற்றறிக்கையில் ரிசர்வ் வங்கி இதை நியாயமற்றது என்று சொல்லிக் கண்டித்தது. கடன் பணம் கைமாறிய நாளிலிருந்துதான் வட்டி ஓட வேண்டும் என்பதையும் அதில் தெளிவாக்கியது. ‘ஜீரோ வட்டி’ விளம்பரங்களிலும் விட்டுப்போன ரொக்கத் தள்ளுபடியும் பிராசஸிங் கட்டணமும் சேர்ந்தே வட்டியாகின்றன.

ஆற்றுப் பாசனக்காரர்களுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. ட்யூ மாதாமாதம் வரும், பணமோ கார், பிசானம் என்ற இரு நெல் பருவங்களிலும் அறுத்த பிறகுதான் வரும். அணையில் தண்ணீர் குறைந்து கார் சாகுபடி தள்ளிப்போன வருடத்தில் கணக்கில் காசு இராது. தானியங்கி முறையில் ட்யூ எடுக்க வரும் நாளில் பணம் இல்லாவிட்டால், வங்கியும் கடன் கொடுத்தவரும் ஆளுக்கொரு அபராதம் போடுவார்கள், சிபில் மதிப்பெண்ணும் விழும். ஆகவே கையெழுத்துக்கு முன்பே இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ள வேண்டும். அறுப்புப் பணம் வந்ததும் அசலில் ஒரு பகுதியை மொத்தமாகக் கட்டலாமா? அதற்கும், கடனையே முன்னதாக முடிப்பதற்கும் கட்டணம் எவ்வளவு? வண்டிக் கடன்கள் பெரும்பாலும் மாறாத வட்டியில் இருப்பதால் இந்தக் கட்டணத்தை வாங்க அவர்களுக்கு இடம் உண்டு. ஆகவே இதுவும் பேரத்தில் சேர வேண்டியது.

சம்பள வங்கிக் கணக்கு உள்ளவர்கள் முதலில் அந்த வங்கியில் வட்டி கேட்பது நல்லது. வீட்டில் நகை இருந்தால், வங்கியிலோ தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்திலோ நகைக்கடன் எடுத்து வண்டியை ரொக்கத்துக்கு வாங்குவது பல நேரம் மலிவாக முடியும். ஆர்.சி.யில் எச்.பி. இராது, ரொக்கத் தள்ளுபடியும் கேட்கலாம். ஆனால் வட்டியை மட்டும் கட்டிக்கொண்டு வருடாவருடம் திருப்பி வைக்கும் பழக்கத்தில் விழுந்தால், வண்டி தேய்ந்த பிறகும் நகை வீடு திரும்பாது. மாதம் ஒரு தொகையை ட்யூபோல அசலில் கட்டும் உறுதி உள்ளவர்களுக்கே இந்த வழி பொருந்தும்.

முன்பணத்துக்காகக் கந்துவட்டிக்குப் போவதை மட்டும் எந்த நிலையிலும் செய்யக் கூடாது. பத்து வட்டிக்கு 20,000 ரூபாய் வாங்கினால் மாதம் 2,000 ரூபாய் வட்டிக்கே போகும், அசல் அப்படியே நிற்கும். வண்டி ட்யூ அதன்மேல். தமிழ்நாட்டில் அதீத வட்டித் தடைச் சட்டம் 2003-இலேயே வந்துவிட்டது. மூன்றாண்டு வரை சிறை உண்டு. அதற்குப் பிறகும் 2017 அக்டோபர் 23 அன்று நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு தம்பதியும் அவர்களுடைய இரண்டு பெண் குழந்தைகளும் தீக்கிரையானார்கள். முன்பணம் சேரவில்லை என்றால் வண்டியை அடுத்த அறுப்புக்குத் தள்ளிப்போடலாம்.

ட்யூ தவறியவரும் உரிமை இல்லாதவர் ஆகிவிடுவதில்லை. வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பிறகும் தொந்தரவு செய்யக் கூடாது. வண்டியை எடுப்பதாக இருந்தாலும் ஒப்பந்தத்தில் சொன்ன அறிவிப்புக் காலத்தைக் கொடுக்க வேண்டும், விற்பதற்கு முன் பணம் கட்டக் கடைசி வாய்ப்பு ஒன்றும் தர வேண்டும். தவறிய ட்யூவுக்குப் போடும் அபராதத்தை அசலில் சேர்த்து அதற்கும் வட்டி போடக் கூடாது. முதலில் கடன் கொடுத்த நிறுவனத்திடமே எழுத்தில் புகார் தர வேண்டும். பலனில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாக முறையிடலாம், விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. ஷோரூம் பற்றிய புகாருக்கு நுகர்வோர் உதவி எண் 1915.

கடைசி ட்யூ கட்டியதும் வேலை முடிந்ததாகப் பலர் விட்டுவிடுகிறார்கள். கடன் தீர்ந்தாலும் ஆர்.சி.யில் கம்பெனியின் பெயர் தானாக அழியாது. தடையில்லாச் சான்றையும் இருதரப்புக் கையெழுத்தோடு 35-ஆம் படிவத்தையும் வாங்கி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எச்.பி. கேன்சல் செய்ய வேண்டும். இன்ஷூரன்ஸ் பாலிசியிலும் கடன் கொடுத்தவரின் பெயரை எடுக்கச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வண்டி திருடுபோனால் வரும் இழப்பீடு தீர்ந்துபோன கடனின் பெயரில் மாட்டிக்கொள்ளும். சிபில் அறிக்கையை வருடத்துக்கு ஒருமுறை காசில்லாமல் பார்க்கலாம். சில வாரம் கழித்து அதில் கடன் ‘முடிந்தது’ என்று ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, எச்.பி. நீங்கிய புது ஆர்.சி.யையும் தடையில்லாச் சான்றின் நகலையும் ஒரே உறையில் போட்டுப் பீரோவில் வைத்துக்கொள்ளலாம்.